சகலை பற்றவைத்த வார்ப்பிரும்பு

அரிசி லாரியின் முன்சீட்டிலிருந்து என் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கினார். சுமட்டுக்காரர் இருவர் ஒரு நனைந்த கோணியைத் தூக்கி வந்து என் கடைத் தரையில் போட்டார்கள். வாயை அவிழ்த்து அடியைப் பிடித்து இழுத்ததும் வார்ப்பிரும்புத் துண்டுகள் இரண்டு வெளியே வந்து விழுந்தன. மேலெல்லாம் கிரீஸும் அவர் ஊரான சித்தூரின் வயல் சேறும் அப்பியிருந்தன. இரும்பு உடைந்த முகம் மட்டும் உடைத்த வெல்லம் போலப் பொரபொரவென்று, சாம்பல் நிறத்தில் இருந்தது.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் ஜூன் மாதப் பருவமழை தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். தொண்ணூறுகளின் பின்பாதி. எந்த வருடம் என்று கேட்டால் என் மனைவி செல்வி ஒன்று சொல்வாள், அவள் தங்கை தங்கமணி இன்னொன்று சொல்வாள்.

மட்டாஞ்சேரியில் அரிசி, சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது என் வெல்டிங் கடை. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பாகங்கள்தான் எனக்குச் சோறு போட்டன என்று முந்தைய வாரங்களில் எழுதியிருந்தேன். டிராக்டர் பாகம் ஒன்று என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பழைய டிராக்டரில் எஞ்சினுக்கும் முன் அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்து மூக்குப் பக்கத்துப் பாரத்தையெல்லாம் தாங்குகிற பாகம் அது. வரப்பில் ஏறி இறங்கும்போது இரண்டாக விண்டுவிட்டதாம். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. மாமனார் கோயமுத்தூர் வரை போய்த் தேடிவிட்டு வந்திருந்தார். டிராக்டர் மூக்கைக் கல்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது, முதல் போக உழவுக்கு நாள் ஓடுகிறது, அக்கம்பக்கத்து வயல்காரர்களும் அதையே நம்பியிருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

நான் குனிந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடைவெளியே தெரியாமல் பொருந்தின. இரண்டு நாளில் முடித்துவிடலாம் மாமா என்றேன்.

அவர் தோள்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எதுக்குங்க மாப்ளே சிரமப்படறீங்க. சிவராஜ் மாப்ளைக்குச் சொல்லி விட்டிருக்கறேன். நாளைக்கு லீவு போட்டுட்டு ஏலூர்ல இருந்து வர்றாராம். உங்க கடைல வெச்சு அவரு பண்ணிக்கட்டும்."

என் கடை, என் கரி, என் வெல்டிங் செட். வேலை மட்டும் அவனுக்கு.

எக்ஸ்ரே எடுத்த வெல்டர்

சிவராஜ் என் சகலை. தங்கமணியைக் கட்டியவன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். ஏலூரில் ஒரு பெரிய கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தான். நீல யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, சட்டம் போட்ட சர்டிஃபிகேட். அவன் பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். தங்கமணி இதை எல்லோரிடமும் சொல்லுவாள். அதுவரை என்னையே யாரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை.

அவன் எங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் செல்வி விலை கூடிய கரிமீன் வாங்குவாள். மற்ற நாட்களில் நான் கொழுவா என்கிற மலிவான பொடிமீன் தின்றுகொண்டிருப்பேன். கேட்டால், விருந்தாளிக்கு முள்ளு மீன் வைக்க முடியுமா என்பாள். கரிமீனுக்கு முள் இல்லாதது போல.

எனக்குப் பொறாமை உண்டு என்பதை இந்தத் தொடரில் நான் மறைத்ததில்லை. அது எனக்கு உடம்பில் வரும். முதலில் தொண்டை வறளும், பிறகு மேல்வயிற்றில் காந்தும். படகுத்துறைப் பக்கம் புதிதாகக் கடை போட்ட ஒருவன் தன் பெயர்ப்பலகையில் மூன்று மொழி எழுதியிருந்தான் என்பதற்காக என் பலகையை நான் இறக்கி, நாலாவதாக இந்தியையும் சேர்த்து மாட்டியவன். இந்திக்காரன் ஒருவனும் அந்தக் காலத்தில் என் சந்துக்குள் வந்ததில்லை.

ஆனால் சிவராஜ் விஷயத்தில் காந்தியது வேறு மாதிரி. அவன் நல்லவன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். குறை சொல்ல இடமே கொடுக்க மாட்டான். அப்படிப்பட்டவன்மேல் பொறாமைப்படுவது பெரிய வேலை.

அன்று மதியம் சோறு போடும்போது செல்வி இன்னொன்றும் சொன்னாள். ஏலூரில் ஆள் குறைக்கிறார்களாம், கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் அனுப்புவார்களாம். சித்தூரில் மாமனாருக்கு ரோட்டோரமாக ஒரு ஓட்டு ஷெட் இருந்தது. இந்த டிராக்டர் பாகத்தைச் சரியாக்கிக் காட்டினால் ஷெட்டைச் சிவராஜுக்கே விட்டுவிடுகிறேன், அங்கேயே வொர்க்ஷாப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். தங்கமணிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்கு ராத்தூக்கமே இல்லை, இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள் செல்வி.

நான் கடை போட்டபோது இதே மாமனார் வந்து சாயா குடித்தார், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், புகை ஜாஸ்தி என்றார். ஷெட் என்ற பேச்சே அன்றைக்கு எழவில்லை.

டிங் என்ற சத்தம்

வார்ப்பிரும்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

சாதாரண இரும்பு சூட்டையும் குளிரையும் பொறுத்துக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெல்லச் சுட வேண்டும், அதைவிட மெல்ல ஆற வேண்டும். பற்றவைத்து முடித்ததும் சூட்டோடு சாம்பலுக்குள் புதைத்துவிட்டு மறுநாள் வரை மறந்துவிட வேண்டும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் போச்சு, அந்தப் பக்கம் சுருங்கும், பக்கத்தில் வெடிப்பு விழும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு படகு எஞ்சினின் புகைக்குழாயைப் பற்றவைத்து, அழகு பார்க்கும் அவசரத்தில் வாளித் தண்ணீரில் முக்கினேன். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பூனால் கண்ணாடி டம்ளரைத் தட்டினால் வருமே, அது. படகுக்காரச் சேட்டன் அன்றைக்கு என் குடும்பத்தையே விசாரித்தார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவன் கை

சிவராஜ் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். வந்ததும் என்னிடம் அனுமதி கேட்டான். கேட்காமல் தொட்டிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

உடைந்த பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவினான். இரண்டு முகத்தையும் கிரைண்டரில் சாய்வாகத் தேய்த்து, சேர்த்தால் நடுவில் பள்ளம் வருகிற மாதிரி செய்தான். இரும்புப் பட்டைகளை வைத்து போல்ட் போட்டு இறுக்கினான். பாதியாக வெட்டிய டிரம்மில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை மூட்டி அதன்மேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சூடாக்கினான். நானாக இருந்தால் கேஸும் பித்தளைக் கம்பியும் எடுத்திருப்பேன். அவன் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த நிக்கல் ராடுகளைத்தான் எடுத்தான்.

ஒரு அங்குலம் போடுவான், நிறுத்துவான், சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுவான். மறுபடியும் ஒரு அங்குலம். அவசரமே இல்லை. மாமனார் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணைக் காத்துக்கொள்ள என் பழைய கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுக்குக் கிடங்கு ஆட்கள்கூட வந்து நின்றார்கள். என் வேலையை அவர்கள் நின்று பார்த்ததில்லை.

நான் சாயா வாங்கி வந்தேன். கரி போட்டேன். வேறு வேலை எனக்கு இல்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். முடித்ததும் சூட்டோடு தூக்கி, மில்லிலிருந்து வாங்கி இன்னொரு டிரம்மில் நான் கொட்டி வைத்திருந்த உமிச்சாம்பலுக்குள் புதைத்தான். மேலே சாம்பலைக் கோபுரமாகக் குவித்தான். அதன்மேல் தகரத்தை மூடினான். காலை வரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்று மாமனாரிடம்தான் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்கிற மரியாதை அது. பிறகு இரண்டு பேரும் குளித்துச் சாப்பிட என் வீட்டுக்குப் போனார்கள்.

தகரத்தைத் தூக்கினேன்

நான் கடையைக் கூட்டினேன். கேபிளைச் சுருட்டினேன். கிளம்ப மனம் வரவில்லை.

அவன் போட்டதை நான் கிட்டத்தில் பார்க்கவே இல்லை. புகையும் வெளிச்சமுமாக இருந்தது, முடிந்தவுடன் சாம்பலுக்குள் போய்விட்டது. அது கோணலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உண்மையாகவே ஆசைப்பட்டேன். கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரிமீன் சாப்பிடலாம்.

தகரத்தைத் தூக்கினேன். கரண்டியால் சாம்பலை ஒதுக்கினேன். ஒரு ஓரத்தை இடுக்கியால் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கினேன்.

கைமுறுக்கின் வரி போல ஒரே சீராக ஓடியிருந்தது அவன் பற்றவைத்த கோடு. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியவில்லை. என்னால் அப்படிப் போட முடியாது. இன்றைக்கும் முடியாது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகக் காயல் காற்று சாரலோடு உள்ளே வந்தது. அது வருகிறது என்று தெரிந்தும் நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

டிங்.

இடுக்கியை விட்டேன். சாம்பலை வாரி வாரிப் போட்டேன். மேலே கையால் தட்டிச் சமன் செய்து, தகரத்தை மூடிவிட்டுக் கடையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் செய்தேன்.

சாக்கட்டிமேல் ஒரு கோடு

காலையில் மூன்று பேரும் சேர்ந்துதான் கடைக்கு வந்தோம். சிவராஜ் தகரத்தை எடுத்தான். அவன் கோபுரமாகக் குவித்துவிட்டுப் போன சாம்பல், நான் பயத்தில் தட்டியதில் மேசை போலச் சமமாகக் கிடந்தது. அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கேஸ் சிலிண்டரின் சாவியைத் தேடுவதாகக் குனிந்துகொண்டேன்.

அவன் பாகத்தை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தான். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே சாக்கட்டியைத் தேய்த்தான். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் சாக்கட்டியில் ஊறித் தெரியும். சற்று நேரத்தில், அவன் பற்றவைத்த கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி, தலைமுடி கனத்தில் கறுப்பாக ஒரு கோடு எழுந்தது.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இது என்னங்க என்று கேட்டார்.

"என் தப்புதாங்க மாமா," என்றான் சிவராஜ். "ராடுல ஈரம் இருந்திருக்கும். நான் கவனிக்கல. அண்ணன் பித்தளை வெச்சுப் பண்ணட்டும், நிக்கும்."

வாயைத் திறக்க எனக்கு அப்போது நேரம் இருந்தது. சாயா ஒரு வாய் குடிக்கிற நேரமாவது இருந்தது. திறக்கவில்லை.

"எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்கு ஈரம் தெரியாமப் போச்சுங்களா," என்றார் மாமனார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களே பாருங்க மாப்ளே என்றார்.

சிவராஜ் அப்போதே பஸ் ஏறிவிட்டான். அவனுக்காகச் செல்வி வறுத்து வைத்திருந்த கரிமீனை மதியம் நான்தான் சாப்பிட்டேன்.

என் பெயர் நின்றது

அவன் போட்டதை முழுக்கக் கிரைண்டரில் தேய்த்து எடுத்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளே தெரியும். ராடில் ஈரம் இருந்திருந்தால் ஊசி குத்தினாற்போலத் துளைகள் இருக்கும். மேலிருந்து அடி வரை ஒன்றுகூட இல்லை. மாமனார் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் வேகமாகத் தேய்த்தேன்.

பிறகு வெடிப்பையும் தோண்டி, மறுபடி சூடாக்கி, பித்தளை ஓட்டி, இரண்டு பக்கமும் பட்டை வைத்து போல்ட் அடித்தேன். பார்க்க அழகில்லை. ஆனால் நின்றது. அந்த வருட உழவு ஒரு வாரம் தாமதமாக நடந்தது, அதன் பிறகும் பல வருடம் அந்த டிராக்டர் ஓடியது. சித்தூருக்குப் போனால் மாமனார் பக்கத்து வயல்காரர்களிடம் என்னைத் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்வார். அந்தக் கைக்காகத்தானே அத்தனை வருடம் வயிறு காந்தியது.

ரோட்டோர ஷெட்டை ஒரு தேங்காய் வியாபாரிக்கு விட்டார். ஏலூரில் சிவராஜின் கான்ட்ராக்ட் சொன்னபடியே முடிந்தது. தங்கமணிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அவன் வளைகுடாவுக்குப் போனான். அவள் குழந்தையோடு சித்தூரிலேயே தங்கிவிட்டாள். முதல் லீவில் வந்தபோது அந்தக் குழந்தை அவனைப் பார்த்து அலறிக்கொண்டு என் இடுப்பில் ஏறிக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

ஒரு பொங்கலுக்கு எல்லோரும் சித்தூரில் கூடியிருந்தோம். மடக்குக் கட்டிலின் கால் விட்டுப்போயிற்று. சிவராஜ் குனிந்து அதைப் புரட்டினான். தங்கமணி அடுப்படியிலிருந்தே, "நீங்க விடுங்க, மச்சான் பாத்துக்குவாங்க," என்றாள். மச்சான் என்றது என்னை. கோபமில்லை, கேலியும் இல்லை, சும்மா சொன்னாள். அவன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அவன் போட்டதை எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அவன் கேட்ட ஒன்று

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து ஒரு லீவில் அவன் தனியாக என் கடைக்கு வந்தான். மழை இல்லாத நாள். சந்தில் சுக்கு காயப் போட்டிருந்தார்கள், அந்தக் காரம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சாயா சொன்னேன். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. இடப்பள்ளியில் ரோடு அகலமாகிவிட்டது என்றான், ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"சிவராஜ், அந்த டிரம்மைத் தொறந்தது நாந்தான்," என்றேன்.

"தெரியுமுங்கண்ணா."

"பின்னே அன்னைக்கே ஏன் சொல்லாமப் போனே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "சொல்லியிருந்தா மாமா கோணியைக் கட்டிட்டுக் கெளம்பியிருப்பாருங்க. உழவு இருந்துச்சுல்லீங்க. சாக்குச் சொல்றேன்னு எம்மேலயும் நம்பிக்கை இல்லே, தொறந்துட்டீங்கன்னு உங்கமேலயும் இல்லேன்னா அதை யாருங்க பத்தவெக்கறது?"

வருடக்கணக்காக நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் கத்தியிருந்தால் சொல்லியிருப்பேன். சரி, மாமாவிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், ஒரு போன் போட்டால் போதும் என்றேன்.

"மாமாவுக்கு வேண்டாங்கண்ணா. அவருக்கு வயசாயிருச்சு." டம்ளரை எடுத்து மிச்சச் சாயாவைக் குடித்தான். "தங்கமணிக்கு மட்டும் ஒருவாட்டி சொல்லுங்க. நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நெனப்பா."

சொல்கிறேன் என்றேன். கையில் அடித்துக்கூடச் சொன்னேன்.

சொல்லவில்லை. அந்த லீவு முடிந்தது, அடுத்த லீவும் முடிந்தது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு விசேஷத்திலும் தங்கமணி எனக்குத் தட்டு கொண்டுவந்து வைப்பாள், சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். பயத்தால் நிறுத்தினேன் என்றால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் பயம் இல்லை. சொன்ன மறுநிமிடம் அவள் திரும்பி அவனைப் பார்க்கப்போகிற பார்வை ஒன்று இருக்கிறதே, கல்யாணமான புதிதில் பார்த்தாளே, அது அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நான் பார்க்க வேண்டியதில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவள் இந்தப் பத்திரிகையை வாரந்தவறாமல் வாங்குகிறாள் என்று செல்வி சொல்லியிருக்கிறாள்.

தங்கமணி, உன் வீட்டுக்காரர் கை சரியாகத்தான் இருந்தது. திறந்தது நான்.